அகப்பட மன்றத்தின் நான்காவது விதி

பிப்ரவரி 3, திங்கள்

இன்று ஓர் எலும்பு என்னை அப்படியே நிறுத்திவிட்டது.

தொண்டையில் லாட வடிவத்தில் ஒரு சின்ன எலும்பு உண்டு. உடம்பில் வேறு எந்த எலும்பையும் அது தொடுவதில்லை. தசைகள் பிடித்துக்கொண்டிருக்க, அது பாட்டுக்கு அந்தரத்தில் நிற்கிறது. புத்தகத்தில் எத்தனையோ தடவை படித்ததுதான். ஆனால் இன்று கழுத்து வலி என்று வந்த லாரி ஓட்டுநரின் பக்கவாட்டுப் படம் திரையில் வந்ததும், இருட்டில் யாரோ மெதுவாக வைத்துவிட்டுப் போன மாதிரி அது தெரிந்தது. எனக்குப் புல்லரித்துவிட்டது.

"என்னம்மா, அப்படிப் பாக்கறீங்க? ஏதாவது மோசமா?" என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார்.

"இல்லைங்க, அழகா இருக்கு" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"கழுத்து திரும்பலைன்னு வந்தா அழகா இருக்குங்கறீங்களே!"

பதினோரு வருஷம் ஒரு ஸ்கேன் சென்டரின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, உறைகளில் படத்தைப் போட்டு நீட்டியவள் நான். ஒருநாளும் ஓர் உறையைப் பிரித்துப் பார்த்ததில்லை. இப்போது, முப்பத்தைந்து வயதில், அந்தப் படங்களை எடுக்கப் படிக்கிற மூன்றாம் ஆண்டு மாணவி. கூடப் படிக்கிறவர்களுக்கெல்லாம் இருபது, இருபத்தொன்று. எல்லாருக்கும் நான் 'அக்கா'. இவ்வளவு நாள் என் கையில் இருந்தது என்னவென்றே தெரியாமல் இருந்திருக்கிறேனே என்ற திகைப்பு மட்டும் இன்னும் போகவில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

பட்டமளிப்பு விழாவுக்கு நாற்காலி போட எங்கள் வகுப்பை அழைத்திருந்தார்கள். போட்டுவிட்டுக் கடைசி வரிசையில் நின்று பார்த்தோம்.

மருத்துவம் படித்தவர்களில் சிலர் தோளில் மஞ்சள் பட்டை அணிந்திருந்தார்கள். செவிலியர்களில் சிலருக்கு நீலம். அவரவர் துறையின் சிறப்பு மாணவர் மன்றம் தந்தது. ஒவ்வொரு பட்டைக்கும் கைதட்டல். எங்கள் சீனியர்கள் ஏறும்போது பாதிக் கூட்டம் எழுந்து சாப்பாட்டுப் பக்கம் போய்விட்டது. தொகுப்பாளர் காகிதத்தைப் புரட்டிவிட்டு, "அடுத்து... எக்ஸ்ரே மாணவர்கள்" என்றார். சீனியர்களில் பாதிப் பேர் எம்.ஆர்.ஐ.யும் அல்ட்ராசவுண்டும் படித்தவர்கள். அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பக்கத்தில் கேள்வி. வகுப்பில் அவன் பேரே அதுதான். மூச்சு விடுகிற நேரம் போக மீதியெல்லாம் கேள்வி கேட்பான்.

"அக்கா, நமக்கு ஏன் பட்டை இல்ல?"

"நமக்கு மன்றம் இல்ல."

"ஏன் இல்ல?"

"யாரும் ஆரம்பிக்கல."

"ஏன் ஆரம்பிக்கல?"

 

பிப்ரவரி 12, புதன்

துறைத்தலைவரைப் பார்த்தோம் — நான், கேள்வி, ஜெல். ஜெல் அல்ட்ராசவுண்ட் பிரிவு. கோட்டுப் பையில் எந்நேரமும் ஒரு ஜெல் குப்பி இருக்கும், வாயில் எந்நேரமும் ஒரு கிண்டல் இருக்கும்.

மேடம் எங்களை உட்காரச் சொல்லவில்லை. கேட்டுவிட்டு விரலை மடக்கினார். எழுதப்பட்ட விதிகள் வேண்டும். குறைந்தது ஏழு நிறுவன உறுப்பினர்கள் வேண்டும். மார்ச் 28 கல்விக்குழு கூடுகிறது. அதில் ஒப்புதல் வாங்க வேண்டும்.

கதவு வரை வந்த பிறகு கூப்பிட்டார். "மார்க்கை மட்டும் பார்த்தீங்கன்னா அது ரேங்க் பட்டியல். அது ஏற்கெனவே நோட்டீஸ் போர்டுல இருக்கு. மன்றம்னா வேற ஏதாவது இருக்கணும். யோசிங்க."

பிப்ரவரி 14, வெள்ளி

எலும்புக்கூடு வைத்திருக்கும் அறையில் கூட்டம். முதல் ஒரு மணி நேரம் பேர் வைப்பதிலேயே போயிற்று. 'கௌரவ மாணவர் மன்றம்' என்றேன். "கௌரவம்னாலே வம்புக்கா, யாராவது அடிச்சுக்குவாங்க" என்றாள் ஜெல். 'ஊடுகதிர் மன்றம்' என்றான் ஒருவன். "எங்க மெஷின்ல கதிரே கிடையாது, நாங்க என்ன வாசல்ல நிக்கறதா?" என்று அதற்கும் அவளே சண்டை. கடைசியில் கேள்விதான் சொன்னான். "எல்லாமே உள்ள இருக்கறதத்தானே படம் எடுக்குது? அகப்படம்னு வச்சா என்ன?"

"வசமா அகப்பட்டுக்கிட்டோம்னு அர்த்தம் வருமேடா!"

சிரித்துச் சிரித்து யாரோ இடித்ததில் எலும்புக்கூட்டின் கை கழன்று விழுந்தது. ஆனால் பேர் நிலைத்துவிட்டது. அகப்பட மன்றம்.

முதல் மூன்று விதிகள் சுலபம்: எண்பத்தைந்து விழுக்காடு, வருகைப் பதிவு, இரண்டு ஆசிரியர்களின் கையெழுத்து. நான்காவது என்னுடையது. 'மருத்துவமனைப் பயிற்சிப் பதிவேட்டில் ஒரு தவறுகூட இருக்கக் கூடாது.'

"ஒண்ணுகூடவாக்கா?" என்றாள் ஜெல்.

"ஒண்ணுகூட. பட்டன் அமுக்கறவங்கன்னுதானே சொல்றாங்க? இதக் காட்டுவோம்."

எல்லாரும் தலையாட்டினார்கள். யோசித்தால் ரொம்ப வேகமாகத்தான் தலையாட்டினார்கள்.

பிப்ரவரி 21, வெள்ளி

நான்கு விதிப்படியும் தேறியவர்கள் ஒன்பது பேர். ஒன்பது! நானும் அதில் ஒருத்தி. மகளிடம் சொன்னேன். ஒன்பது வயது அவளுக்கு. "அப்ப உனக்குத் தோள்ல ரிப்பன் கட்டுவாங்களாம்மா?" என்று கேட்டுவிட்டுத் தன் ரிப்பனை எடுத்து வந்து கட்டிப் பார்த்தாள். நீளம் போதவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

மருத்துவமனை கேன்டீனில் உட்கார்ந்து எழுதுகிறேன். டீ ஆறிப்போய்விட்டது. 

காலையில் நல்ல கூட்டம். வரிசையில் ஒரே பேரில் இரண்டு பெண்கள். எனக்குத் தெரியாது. சீட்டில் இருந்த பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க தையல்கார அம்மா எழுந்து வந்தார். இடுப்பில் அளவு நாடா அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. "நீங்கதானே?" என்று பேரை நானே சொன்னேன். அவர் ஆமாம் என்றார். ஆமாம் என்றுதானே சொல்வார்! அவர் பேர் அதுதானே! பேரையும் பிறந்த தேதியையும் அவர் வாயால் சொல்லச் சொல்ல வேண்டும். முதல் வருஷம் முதல் வகுப்பில் சொல்லிக் கொடுத்தது. ஏன் கேட்கல? ஏன் கேட்கல நான்?

மார்புப் படம் எடுத்தேன். அவர் போய் உட்கார்ந்த பிறகு இன்னொரு பெண் கதவருகே வந்தார். பள்ளிக்கூட ஆசிரியை. "நாளைக்கு ஆபரேஷன், மார்புப் படம் எடுத்துட்டு வரச் சொன்னாங்க. என் பேர இன்னும் கூப்பிடலையே?" என்று தன் பேரைச் சொன்னார்.

மேசையில் இருந்த சீட்டுகளைப் புரட்டினேன்; அதே பேரில் இன்னொன்று இருந்தது. தையல்கார அம்மா வந்தது முழங்காலுக்கு.

அறையில் வேறு யாரும் இல்லை. பொறுப்பாளர் பக்கத்து அறையில். திரையில் படத்தை நிராகரிக்கும் பொத்தானை அழுத்தினால் காரணம் கேட்கும். பட்டியல் ஒன்று விரியும். அதில் முதலில் இருப்பது 'நோயாளி அசைந்தார்'. அதை அழுத்திவிட்டு ஆசிரியைக்குப் புதுசாக எடுத்தால் முடிந்தது. யாருக்கும் தெரியாது. ஒரு மார்புப் படத்தின் கதிர் வெறும் சில நாட்களில் மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் தானாகவே நம்மேல் விழுகிற அளவுதான். இதெல்லாம் என் மூளை எவ்வளவு வேகமாகக் கணக்குப் போட்டது! தேர்வில் இவ்வளவு வேகமாகப் போட்டதே இல்லை.

விரல் அந்த வரிமேல் இருந்தது. அப்போதுதான் படத்தைப் பார்த்தேன்.

என்ன ஒரு படம். இரண்டு நுரையீரலும் அடிமூலை வரை விரிந்து, விலா எலும்பு ஒவ்வொன்றும் பென்சிலால் வரைந்தாற்போல. நடுவில் இதயம், விளிம்பில் ஒரு மங்கல்கூட இல்லாமல். இந்த மூன்று வருஷத்தில் நான் எடுத்ததிலேயே நல்ல படம் இதுதான். மூச்சை இழுத்துப் பிடிங்க என்றேன், பிடித்தார். அசையாதீங்க என்றேன், சிலை மாதிரி நின்றார். முழங்காலுக்கு வந்தவர் ஏன் மார்புக்கு என்றுகூடக் கேட்காமல், என்னை நம்பி நின்றார். அவரைப் போய் அசைந்தார் என்று எழுதுவதா?

முடியல. பக்கத்து அறைக்குப் போய்ச் சொல்லிட்டேன்.

பொறுப்பாளர் என்னைத் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அந்தம்மாகிட்ட நீயே சொல்லணும். வா" என்றார்.

சொன்னேன். தையல்கார அம்மாவின் முதல் கேள்வி: "அப்ப என் முட்டிக்கு எடுக்கவே இல்லையா? மறுபடி வரிசையில நிக்கணுமா?"

இல்லை, உடனே எடுக்கிறேன் என்றேன். எடுத்து முடித்துச் செருப்பை மாட்டும்போது என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சொல்லாம விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கவே போறதில்ல. ஏம்மா சொன்னே?"

அவர் கழற்றி வைத்திருந்த அளவு நாடாவை எடுத்து நீட்டினேன். அவரே, "சரி போ. முகத்தக் கழுவிக்கோ" என்று நாடாவைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

மார்ச் 5, புதன்

பதிவேட்டில் ஏறிவிட்டது. 'நோயாளி அடையாளம் சரிபார்க்கப்படவில்லை.' கீழே என் கையெழுத்து.

வீட்டுக்காரர் காலையில் மகளுக்குப் பின்னல் போட்டுக்கொண்டே கேட்டார்: "உன் நாலாவது விதிப்படி நீ வெளியவா?"

"ஆமா."

"விதிய எழுதினதே நீதானே?"

"அதனாலதான்."

 பின்னல் ரொம்ப இறுக்கமாகிவிட்டது போல, மகள் கத்தினாள்.

மார்ச் 7, வெள்ளி

இன்று நடந்ததை நடந்த வரிசையில் எழுதப் பார்க்கிறேன்.

ஒன்பது பேரும் வந்திருந்தார்கள். செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொன்னேன், காரணப் பட்டியலில் விரல் வைத்தது வரைக்கும். விலகிக்கொள்கிறேன், எட்டுப் பேர் இருக்கிறீர்கள், ஏழு போதும் என்றேன். கைப்பையை எடுத்தேன். 

"அக்கா, உட்காருங்க" என்றான் கேள்வி. அவன் காது இரண்டும் சிவந்திருந்தன. "அந்தப் பட்டியல்ல முதல் வரி. நான் அமுக்கியிருக்கேன்."

"எத?"

"அசைந்தார்னு. ரெண்டாம் வருஷம். வலது கைக்குப் பதிலா இடது கை எடுத்தேன். நோயாளி அசையவே இல்ல. ஒரு தாத்தா. அவர் பாட்டுக்கு நான் வச்ச கைய வச்சபடி வச்சிருந்தாரு."

ஜெல் எலும்புக்கூட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள். கிண்டலே இல்லாத அவள் குரலை இன்றுதான் கேட்டேன். பித்தப்பை ஸ்கேனில் ஒரு கோணம் எடுக்க விட்டுப்போய், வேறொரு நாள் எடுத்த படத்தை அந்த இடத்தில் வைத்திருக்கிறாள். அதே நோயாளியின் படம்தான். ஆனாலும்.

பிறகு ஜன்னலோரம் இருந்தவன். பிறகு அவன் பக்கத்தில் இருந்தவள், அழுதுகொண்டே. பிறகு வாயே திறக்காத அந்த எம்.ஆர்.ஐ. பெண், இரண்டே வாக்கியத்தில். யாரும் யாரையும் கேட்கவில்லை. ஒருவர் முடித்ததும் இன்னொருவர்.

என்னோடு சேர்த்து ஆறு பேர். மிஞ்சியது மூன்று. அந்த மூவரில் ஒருத்தன், "இருங்க, நான் இன்னும் யோசிச்சிட்டிருக்கேன்" என்றான். அழுதவள்கூடச் சிரித்துவிட்டாள்.

மன்றம் போயிற்று. எல்லாருக்கும் அது தெரியும். ஆனால் எழுந்து போக யாருக்கும் மனம் வரவில்லை. மூன்று வருஷம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள். எத்தனை ஆயிரம் பேரின் உள்ளுக்குள் பார்த்திருப்போம்! எங்களை நாங்களே இன்றுதான் பார்த்தோம்.  துக்கம் இல்லை. என்னவென்று சொல்ல? பெரிய மலை ஒன்றின் அடியில் திடீரென்று வந்து நின்ற மாதிரி.

மார்ச் 10, திங்கள்

அவரவர் கையால் எழுதி, ஆறு காகிதங்களையும் மேடத்திடம் கொடுத்தோம். இன்றும் உட்காரச் சொல்லவில்லை. ஒவ்வொன்றாகப் படித்தார். கடைசிக் காகிதத்தை வைத்துவிட்டு எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

"இத மறைக்க என்னால முடியாது. தெரியுமில்ல?"

"தெரியும் மேடம்."

மூன்று வாரம் யாரும் தனியாகப் படம் எடுக்கக் கூடாது. எல்லாம் பதிவேட்டில் ஏறும். கேள்விக்குக் குழந்தைகள் மருத்துவமனையில் விடுமுறைப் பயிற்சி கிடைத்திருந்தது. அது ரத்து.

"மன்றத்த என்ன பண்ணப் போறீங்க?" என்று முதுகைக் காட்டியபடியே கேட்டார்.

பதில் சொன்னது அந்த எம்.ஆர்.ஐ. பெண். "நாலாவது விதிய மாத்தி எழுதி, குழு முன்னாடி வைக்கப் போறோம் மேடம். இந்தப் பேப்பரோட சேர்த்து."

இதை நாங்கள் பேசி வைக்கவே இல்லை! படியிறங்கும்போது அவளைக் கேட்டால், "வாய்ல வந்துச்சுக்கா" என்கிறாள்.

மார்ச் 17, திங்கள்

ஒரு வாரமாகக் கேள்வி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. என் முகத்தையும் பார்ப்பதில்லை. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அவன் பயிற்சி போயிருக்காது.

மார்ச் 20, வியாழன்

நூலகத்தில் எதிரே வந்து உட்கார்ந்தான். "உங்க மேல கோபம்தான்கா. இன்னும் இருக்கு. ஆனா ஒண்ணு கேக்கணும்."

எனக்கு உயிர் வந்தது. "கேளுடா."

"அந்தத் தாத்தாவத் தேடிக் கண்டுபிடிச்சுச் சொல்லணுமா, இல்ல விட்டுடலாமா?"

என்னைக் கேட்பதற்கு முன்பே பதிவு அறையில் தேடி, முகவரி வாங்கி, பொறுப்பாளர் அனுமதியோடு கடிதம் எழுதியிருக்கிறான். நான் பதில் சொல்லவே தேவையில்லாத கேள்வி.

மார்ச் 28, வெள்ளி

கல்விக்குழு. நீள மேசைக்குப் பின்னால் ஐந்து பேர். நாங்கள் ஒன்பது பேரும் சுவரோரம் நின்றோம். நான்தான் வாசித்தேன்.

புது நான்காவது விதி: 'விண்ணப்பிப்பவர் பயிற்சியில் தாம் செய்த தவறு ஒன்றையும், அதை யாரிடம் எப்போது சொன்னார் என்பதையும் தம் கையால் எழுதித் தர வேண்டும். மறைத்தது பின்னால் தெரிந்தால் உறுப்பினர் அல்லர்.'

ஒரு பேராசிரியர் கொதித்துவிட்டார். "சிறப்பு மாணவர் மன்றமா, குற்றவாளிகள் கழகமா? மத்த துறைக்காரங்க சிரிப்பாங்க!" சந்தேகம் அவருக்கு நியாயமானதுதான். எனக்கே இருந்தது.

ஓரத்தில் ஒல்லியாக ஓர் அம்மையார் உட்கார்ந்திருந்தார். மருத்துவமனையின் கதிரியக்கப் பாதுகாப்பு அலுவலர்.  ஒரு கோப்பைத் திறந்தார்.

"நிராகரிச்ச படங்களோட கணக்கு மாசாமாசம் எங்கிட்டதான் வரும். ஆறு வருஷமாப் பாக்கறேன். இந்த ஆஸ்பத்திரியில மட்டும் நோயாளிங்க ஏன் இவ்வளவு அசையறாங்கன்னு ஆறு வருஷமா யோசிக்கறேன்."

யாரும் சிரிக்கவில்லை.

"படுக்கை மாத்தச் சொன்னேன், கைப்பிடி வைக்கச் சொன்னேன், குளிர் அதிகமோன்னு ஏசியக்கூடக் குறைச்சேன்." எங்கள் காகிதங்களைத் தொட்டார். "ஒருத்தரும் எங்கிட்ட உண்மையச் சொன்னதில்ல. இந்தப் பசங்க, யாரும் கேக்காம, தங்களுக்கு நஷ்டம்னு தெரிஞ்சே எழுதிக் குடுத்திருக்காங்க. இது சிறப்பு இல்லன்னா எது சிறப்பு? எனக்குத் தெரியல."

அவர் குரல் கடைசியில் கொஞ்சம் உடைந்தது. ஆறு வருஷம் ஒரு மனுஷி தனியாக ஒரு கணக்கோடு மல்லுக்கட்டியிருக்கிறார். பக்கத்தில் ஜெல் என் கையைப் பிடித்திருந்தாள். இரண்டு பேர் கையும் நனைந்திருந்தது. ஜெல் இல்லை, வேர்வைதான்.

மூன்றுக்கு இரண்டு. ஒப்புதல்.

கொதித்த பேராசிரியர் வெளியே வந்து, "நான் எதிர்த்துத்தான் ஓட்டுப் போட்டேன்" என்று எங்களிடமே சொன்னார். "நன்றி சார்" என்றான் கேள்வி. எதற்கு நன்றி என்று அவருக்கும் புரியவில்லை, எங்களுக்கும் புரியவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

மன்றம் பிறந்தது. எலும்புக்கூடு அறையிலேயே, மத்தியானம். ஒன்பது பேர் கையெழுத்துப் போட்டோம். கறையே இல்லாத மூன்று பேரும் எதையாவது எழுதியிருந்தார்கள். யோசித்துக்கொண்டிருந்தவன் இரண்டு எழுதியிருந்தான்.  இவ்வளவு பெரிய விஷயம் இவ்வளவு சின்ன அறையில் நடக்கலாமா என்றிருந்தது.

பிப்ரவரி 9, திங்கள்

பத்து மாதம் கழித்து இந்த நோட்டைத் தேடி எடுத்தேன். இறுதி ஆண்டு எழுத விடவில்லை. ஆனால் இன்றையதை எழுதாமல் இருக்க முடியாது.

அடுத்த அணிக்கான விண்ணப்பங்கள் இன்றோடு முடிந்தன. இருபத்து மூன்று. போன வருஷம் ஏழு பேர்கூட மிஞ்சவில்லை! நானும் ஜெல்லும் கேள்வியும் கதவைச் சாத்திக்கொண்டு படித்தோம். மதியச் சாப்பாடு மறந்தே போயிற்று. கோணல் எழுத்து, நல்ல எழுத்து, அடித்தல் திருத்தல். 'வயிற்றில் குழந்தை இருக்கிறதா என்று கேட்க மறந்தேன், பாதியில் ஞாபகம் வந்தது, நிறுத்தினேன், சொன்னேன்.' 'ஊசி போடும் முன் ஒவ்வாமை கேட்கவில்லை. அவரே சொன்னார். அன்றே பொறுப்பாளரிடம் சொன்னேன்.' ஏறக்குறைய எல்லாவற்றிலும் அதே நாள், அதே மணி. மாதக்கணக்கில் யாரும் தூக்கிச் சுமக்கவில்லை. எங்களால் முடியாதது இவர்களுக்கு மூச்சு விடுகிற மாதிரி வருகிறது. ஒரு காகிதத்தை வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கவே பயமாக, மரியாதையாக இருந்தது.

இருபத்து மூன்றாவது, ஒரு முதலாண்டுப் பெண்ணுடையது. மருத்துவமனைக்குள் நுழைந்து ஆறு வாரம்தான் ஆகிறது. காகிதத்தில் மேலே ஒரே வரி:

'இதுவரை எனக்குத் தெரிந்து எதுவும் செய்யவில்லை. செய்ததும் வந்து எழுதுகிறேன்.'

கீழே முழுப் பக்கமும் காலி. அளவுகோல் வைத்து, ஒரே இடைவெளியில், கடைசி வரை கோடு போட்டு வைத்திருந்தாள்.

"விதிப்படி இவள எடுக்க முடியாதே?" என்றான் கேள்வி.

ஜெல் அந்தக் கோடுகளை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு காகிதத்தை எடுத்து, சேர்க்க வேண்டியவர்கள் அடுக்கின் மேலே வைத்தாள்.